மலைவாசகர் கேள்வி–பதில்: சயாமின் முதல் தபால்தலைகளும் அவற்றின் அச்சு வேறுபாடுகளும்

தாய்லாந்து சயாம் என்று அழைக்கப்பட்ட காலத்துத் தபால்தலைகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதைப் படித்த நீலகிரி வாசகர்களும் கொடைக்கானல் வாசகர்களும் எழுதிய கடிதங்களில் பொதுப் பயனுள்ளவற்றை எடுத்துக்கொண்டு இந்த முறை பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறித்துள்ளேன்.

குன்னூர் வாசகர்: ஐயா, என் கொள்ளுத்தாத்தா மலேயாவில் கெடாப் பகுதியின் தோட்டமொன்றில் கணக்கராக இருந்தவர். அவருடைய தகரப்பெட்டியில் ஒரு நீலத் தபால்தலை கிடைத்தது. இளம் அரசர் ஒருவரின் பக்கவாட்டு முகம் அதில் இருக்கிறது. நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் எங்கும் இல்லை. இது எந்த நாட்டினுடையது?

பதில்: தாங்கள் விவரித்திருப்பது சயாம் நாட்டின் முதல் வெளியீட்டைச் சேர்ந்த 'சோலோட்' தபால்தலையாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. 1883ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் நாள் பாங்காக்கில் பொதுமக்களுக்கான தபால் சேவை தொடங்கியபோது, அன்றே விற்பனைக்கு வந்த தொகுதி இது. அரசர் ஐந்தாம் ராமா, அதாவது சுலாலங்கோர்ன், அப்போது முப்பது வயதை எட்டிக்கொண்டிருந்தார். அவருடைய இளைய சகோதரர் இளவரசர் பானுரங்சி தபால் துறையின் முதல் தலைவர். லண்டனில் வாட்டர்லோ அண்ட் சன்ஸ் நிறுவனத்தார் செதுக்குத் தகட்டிலிருந்து இவற்றை அச்சிட்டார்கள். தாளில் நீர்க்குறி, அதாவது தாள் செய்யும்போதே பதியவைத்த, வெளிச்சத்தில் தெரியும் உருவம், இல்லை.

இந்தத் தொகுதியைப் புரிந்துகொள்ள அந்நாட்டின் பழைய நாணயக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 2 சோலோட் ஓர் அட், 2 அட் ஒரு சியோ, 2 சியோ ஒரு சிக், 2 சிக் ஒரு ஃபுவாங், 2 ஃபுவாங் ஒரு சலுங், 4 சலுங் ஒரு டிகல். ஆகவே ஒரு டிகலுக்கு 64 அட் அல்லது 128 சோலோட். நம் பக்கத்தில் ரூபாய், அணா, பைசாக் கணக்கில் வளர்ந்த முதியவர்களுக்கு இந்த இரட்டிப்பு முறை அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. வெளிவந்தவை ஐந்து மதிப்புகள்: சோலோட் நீலம், அட் கருஞ்சிவப்புச் சாயல், சியோ செந்தூர நிறம், சிக் மஞ்சள், சலுங் ஆரஞ்சு. ஆறாவதாகச் சிவப்பு நிற ஃபுவாங் தபால்தலையும் அச்சிடப்பட்டது. அது காலத்தில் வந்து சேராததால் பயன்பாட்டுக்கு விடப்படவே இல்லை. எனவே முத்திரை குத்திய ஃபுவாங் ஒன்றை யாரேனும் 'அரிய பயன்படுத்திய பிரதி' என்று விற்க முன்வந்தால், உடனே பணப்பையைத் திறக்காமல் அந்த முத்திரை எங்கிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள்.

நாட்டின் பெயரை ரோமன் எழுத்தில் காணாததற்கும் ஒரு பின்னணி உண்டு. 1883இல் சயாம் சர்வதேசத் தபால் ஒன்றியத்தின் உறுப்பு நாடு அல்ல. 1885 ஜூலை 1ஆம் நாள்தான் அதில் சேர்ந்தது. முதல் தொகுதி உள்நாட்டு வழக்கத்துக்கென்று எண்ணி உருவாக்கப்பட்டது. 1887இல் வந்த அடுத்த தொகுதியில் சயாம் என்ற பெயர் ஆங்கிலத்தில் தெளிவாக இடம்பெற்றுவிட்டது.

தங்களிடமுள்ள பிரதியைச் சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துக்கொண்டு, தபால்தலையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். செதுக்குத் தகட்டு அச்சில் மை தாளின் மேற்பரப்பிலிருந்து சற்றே மேடாக நிற்கும். அரசரின் முகத்தில் நிழல் காட்டும் கோடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். புகைப்படத்தைப் பார்த்து எடுத்த போலியில் அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து தட்டையாகிவிடும். ஓரத்துப் பல்வெட்டு, அதாவது கிழித்தெடுக்கக் குத்திய துளை வரிசை, 2 சென்டிமீட்டருக்கு 14½ அல்லது 15 என்ற கணக்கில் இருக்க வேண்டும். பல்வெட்டு அளவுகோல் ஒன்றைத் தபால்தலைக் கடைகளில் வாங்கிவைத்துக்கொள்வது நல்லது. இந்தத் துறையில் மிகக் குறைந்த விலையில் மிகப் பெரிய உதவி செய்யும் கருவி அதுவே என்பது என் கருத்து.

கோத்தகிரி வாசகர்: 'அச்சு வேறுபாடு' என்று எழுதுகிறீர்களே, ஒரே தபால்தலையில் வேறுபாடு எப்படி வருகிறது? சேகரிப்பவர்கள் ஏன் அதற்கு இவ்வளவு முக்கியத்துவம் தருகிறார்கள்?

பதில்: சயாம் தபால்தலைகளைச் சேகரிப்பதன் உயிர்நாடியே இந்தக் கேள்வியில் இருப்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

1887ஆம் ஆண்டுத் தொகுதியை அச்சிட்டவர்கள் லண்டனின் டி லா ரூ நிறுவனத்தார். தாளில் சக்கர வடிவ நீர்க்குறி உண்டு. குறைந்த மதிப்புகளில் பச்சையும், 12, 24, 64 அட் மதிப்புகளில் ஊதாவும் அடிப்படை நிறமாக இருக்க, இரண்டாவது நிறம் மதிப்புக்கு மதிப்பு மாறும். 2 அட் பச்சையும் சிவப்பும், 3 அட் பச்சையும் நீலமும், 24 அட் ஊதாவும் நீலமும், இப்படி. லண்டனில் நடந்த இந்த அச்சு வேலை ஒழுங்கானது. தாளுக்குத் தாள் பெரிய வேறுபாடு எதையும் அதில் காண முடியாது.

பாங்காக்கில் கதை வேறு. அன்றாடம் மிகுதியாகத் தேவைப்பட்டவை குறைந்த மதிப்புத் தபால்தலைகள். லண்டனிலிருந்து புதிய சரக்கு கப்பலில் வந்து சேரும் வரை காத்திருக்க முடியாத நிலையில், கையிருப்பில் தேங்கிக் கிடந்த அதிக மதிப்புத் தாள்களை எடுத்து, பாங்காக்கிலேயே புதிய மதிப்பை அவற்றின் மீது அச்சிட்டார்கள். இதைத்தான் மேலச்சு என்கிறோம். 1889 முதல் 1890களின் இறுதி வரை இந்த வேலை திரும்பத் திரும்ப நடந்தது. 2 அட், 3 அட் தபால்தலைகளின் மேல் '1 அட்', 24 அட் தபால்தலையின் மேல் '4 அட்', 64 அட் தபால்தலையின் மேல் '1 அட்', '2 அட்' என்று பலவகை உண்டு. அவற்றில் தாய் எழுத்தும் உண்டு, ரோமன் எழுத்தும் உண்டு.

வேறுபாடு பிறக்கும் இடம் எது என்று இப்போது பார்க்கலாம். அந்நாளைய அச்சகத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் கோத்து, ஒரு தாளில் எத்தனை தபால்தலைகள் உண்டோ அத்தனை முறை அதே சொல்லை அமைக்க வேண்டும். ஒரே சொல்லைப் பலமுறை கோக்கும்போது அச்சகத்தில் அந்த அளவு எழுத்து போதாமல் போகும். உடனே பக்கத்துப் பெட்டியிலிருந்து வேறு வகை எழுத்தை எடுத்துச் செருகுவார்கள். ஓரிடத்தில் முற்றுப்புள்ளி விட்டுப்போகும். ஓரிடத்தில் நேரெழுத்துக்குப் பதில் சாய்வெழுத்து வந்துவிடும். தாளைத் தலைகீழாகச் செலுத்தினால் மேலச்சு முழுவதும் தலைகீழாகும். இருமுறை செலுத்தினால் இரட்டையாகும். 24 அட் தபால்தலை மீது வந்த 4 அட் மேலச்சில் மதிப்புக்குப் பின் புள்ளி உள்ளவை, இல்லாதவை என்று இரு வகைகளைப் பட்டியல் நூல்கள் தனித்தனியே குறிப்பிடுகின்றன.

முக்கியத்துவம் ஏன் என்றால், இந்தப் பிழைகள் கண்டபடி சிதறிக் கிடப்பவை அல்ல. ஒரு தாளுக்கென்று கோத்துவைத்த எழுத்துத் தொகுதியைக் கோப்பு என்கிறேன்; ஒரு கோப்பில் மூன்றாம் வரிசையில் நான்காம் இடத்தில் புள்ளி விட்டுப்போயிருந்தால், அந்தக் கோப்பைக் கொண்டு அச்சிட்ட எல்லாத் தாள்களிலும் அதே இடத்தில்தான் அந்தக் குறை இருக்கும். ஆகவே நான்கைந்து தபால்தலைகள் பிரியாமல் சேர்ந்திருக்கும் துண்டு ஒன்று கிடைத்தால், அதில் எந்த எழுத்து வகைக்குப் பக்கத்தில் எந்தக் குறை வருகிறது என்று பார்த்து, முழுத்தாள் எப்படி அமைந்திருந்தது என்பதைப் படிப்படியாக மீட்டெழுதலாம். அச்சகத்தின் பதிவேடுகள் கிடைக்காத இடத்தில் தபால்தலையே பதிவேடாகிறது. எனக்கு இந்தத் துறையில் ஓயாத ஈடுபாடு இருப்பதற்குக் காரணம் விலை அல்ல. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுத்துக் கோத்த ஒரு தொழிலாளியின் கை எங்கே தயங்கியது, எந்தப் பெட்டிக்கு நகர்ந்தது என்பதை அந்தச் சிறு தாளில் இன்றும் படிக்க முடிகிறது என்பதுதான்.

இதனால் ஒரு நடைமுறை அறிவுரையும் கிளைக்கிறது. பிரியாமல் இருக்கும் இணைகளையும் தொகுப்புகளையும் ஒருபோதும் பிரிக்காதீர்கள். ஆல்பத்தின் கட்டத்துக்குள் அடங்கவில்லை என்பதற்காகப் பல்வெட்டில் மடித்துக் கிழித்துவிடும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அப்படிக் கிழித்த பின் அந்தத் தாளின் வரலாற்றை மீட்டெழுதும் வாய்ப்பு போய்விடும்.

கூடலூர் வாசகர்: நீலச் சோலோட் தபால்தலை மேல் சிவப்பு மையில் '1 டிகல்' என்று அச்சிட்ட பிரதி ஒன்றை ஒருவர் விற்க முன்வந்துள்ளார். விலை அதிகம். வாங்கலாமா?

பதில்: நிபுணர் சான்றிதழ் இல்லாமல் வாங்க வேண்டாம் என்பதே என் முடிவான பதில். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

1885 ஜூலையில் சயாம் சர்வதேசத் தபால் ஒன்றியத்தில் சேர்ந்ததும் வெளிநாட்டுக் கடிதங்களுக்கு அதிக மதிப்புத் தபால்தலை உடனடியாகத் தேவைப்பட்டது. கைவசம் இருந்த முதல் தொகுதியில் மிக உயர்ந்தது சலுங், அதாவது கால் டிகல். ஆகவே மிகக் குறைந்த மதிப்புடைய சோலோட்டின் மேலேயே '1 டிகல்' என்று சிவப்பில் பதித்து, ஒரே பதிப்பில் அதன் மதிப்பை 128 மடங்காக்கினார்கள். எழுத்தின் வடிவத்தைக் கொண்டு இதில் பல வகைகளைப் பிரித்திருக்கிறார்கள். சாதாரண சோலோட் எளிதில் கிடைக்கிறது; அதன் மேல் பதித்த எழுத்துக்கோ பெரும் விலை இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் போலி செய்பவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். அடித்தளத் தபால்தலை முற்றிலும் உண்மையானதாக இருக்கும், மேலே உள்ள சிவப்பெழுத்து மட்டுமே பொய்யாக இருக்கும் என்பதால், தாளையும் பல்வெட்டையும் சோதித்துப் பயனில்லை.

தாங்களே செய்யக்கூடிய இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது, மையின் வரிசை. தபால்தலை முதலில் மேலச்சுப் பெற்று, பிறகு ஒட்டப்பட்டு, கடைசியில்தான் முத்திரை குத்தப்படுகிறது. ஆகவே முத்திரையின் கறுப்பு மை சிவப்பு எழுத்தின் மேல் படிந்திருக்க வேண்டும். பழைய பயன்படுத்திய சோலோட் ஒன்றை எடுத்துப் பின்னாளில் எழுத்தைப் பதித்திருந்தால், சிவப்பு முத்திரையின் மேல் ஏறி நிற்கும். லென்ஸில் இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள். இரண்டாவது, தேதி. முத்திரையில் 1885 ஜூலைக்கு முந்தைய தேதி படிக்கக் கிடைத்தால் அது போலிதான், மேலும் எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை. இந்த இரண்டிலும் தேறிய பிரதி உண்மையானதாகத்தான் இருக்கும் என்று கொள்ளவும் முடியாது. திறமையான போலிகள் முத்திரையையும் சேர்த்தே செய்யப்படுகின்றன. லண்டன் ராயல் ஃபிலடெலிக் சொசைட்டியின் நிபுணர் குழு போன்ற அமைப்புகள் கட்டணம் பெற்றுப் பரிசோதித்துச் சான்றிதழ் தருகின்றன. விற்பவர் நேர்மையானவராக இருந்தால், சான்றிதழ் கிடைத்த பின் பணம் என்ற ஏற்பாட்டுக்கு உடன்படுவார்.

இதே எச்சரிக்கை 1907இல் வருவாய்த் தபால்தலைகளின் (அரசுக் கட்டணங்களுக்கான வில்லைகளின்) மேல் அச்சிட்டு வெளியான 10, 20, 40 டிகல் தபால்தலைகளுக்கும், 1920இல் சாரணர் நிதிக்காகப் புலித்தலை மேலச்சுடன் வந்தவற்றுக்கும் அப்படியே பொருந்தும்.

கொடைக்கானல் மாணவர்: சயாம், தாய்லாந்து இரண்டும் ஒன்றுதானா? ஆல்பத்தில் தனித்தனியாக வைக்க வேண்டுமா?

பதில்: நாடு ஒன்றுதான். 1939 ஜூனில் பெயர் தாய்லாந்து என்று மாற்றப்பட்டது. ஆல்பத்தில் ஒரே பிரிவில் கால வரிசைப்படி வையுங்கள். பெயர் மாறும் இடத்தில் ஒரு பக்கம் வெறுமையாக விட்டுவைத்தால் போதும்.

அதே கொடைக்கானல் மாணவர்: பழைய தபால்தலைகளில் உள்ள தாய் எண்களை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: தாய் எண்கள் பத்தையும் ஒரு தாளில் எழுதி மேசையின் முன் ஒட்டிவையுங்கள். 1 என்பது நத்தையின் ஓடுபோல் உள்நோக்கிச் சுருண்டிருக்கும். அதைக் கண்டுகொண்டால் மற்றவை விரைவில் பழகிவிடும். மேலச்சுகளைப் பிரித்தறிய இந்த எண்களும் 'அட்' என்ற தாய்ச் சொல்லின் வடிவமும் தெரிந்திருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

குன்னூர் வேறொரு வாசகர்: நீரிணைக் குடியேற்றங்களின் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியின்) தபால்தலை ஒன்றில் 'பி' என்ற ஒற்றை ஆங்கில எழுத்து மேலச்சாக இருக்கிறது. இதற்கும் சயாமுக்கும் தொடர்பு உண்டு என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

பதில்: உண்மைதான். அந்த எழுத்து பாங்காக்கைக் குறிக்கிறது. சயாமின் சொந்த வெளிநாட்டுத் தபால் ஏற்பாடு வருவதற்கு முன், பாங்காக்கிலிருந்த பிரிட்டிஷ் தூதரகத்தின் தபால் நிலையம் வழியாகவே வெளிநாட்டுக் கடிதங்கள் சிங்கப்பூருக்குச் சென்றன. 1882 முதல் 1885 வரை அங்கே நீரிணைக் குடியேற்றங்களின் தபால்தலைகளை இந்த மேலச்சுடன் விற்றார்கள். சயாம் சர்வதேச ஒன்றியத்தில் சேர்ந்த நாளோடு அந்த நிலையம் தன் பணியை முடித்துக்கொண்டது.

நமக்கு இதில் தனிச் சுவாரசியம் ஒன்று இருக்கிறது. நீரிணைக் குடியேற்றங்கள் 1867 வரை இந்திய அரசின் நிர்வாகத்தில் இருந்தவை. அவை பிரிந்ததும் முதலில் வெளியிட்டவை இந்தியத் தபால்தலைகளே. விக்டோரியா அரசியின் முகம் கொண்ட நம் அணா தபால்தலைகளின் மேல் ஒரு கிரீடத்தையும் சென்ட் மதிப்பையும் அச்சிட்டு வெளியிட்டார்கள். அவற்றில் 2 அணா மஞ்சளின் மேல் 32 சென்ட் என்று அச்சிட்டது பிறகு பாங்காக்குக்கும் போய், அங்கே 'பி' எழுத்தையும் பெற்றது. இந்தியாவுக்கென்று உருவாக்கப்பட்ட ஒரே தாளில் இந்தியா, சிங்கப்பூர், சயாம் ஆகிய மூன்று இடங்களின் தபால் வரலாறும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சாகியிருக்கிறது. அது மிக அரிய பிரதி. நம் வீட்டுப் பெட்டிகளில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை. சாதாரணச் சென்ட் மதிப்புகளில் 'பி' மேலச்சுக் கொண்டவை கிடைக்கக்கூடும். ஆனால் ஓர் ஒற்றை எழுத்தைப் போலியாகப் பதிப்பதைவிட எளிதான வேலை வேறில்லை என்பதால், மேலே கூடலூர் வாசகருக்குச் சொன்ன மை வரிசைச் சோதனையை இதற்கும் செய்து பாருங்கள்.

உதகை வாசகர்: மழைக்காலத்தில் ஆல்பத்தில் இருந்த பழைய சயாம் தபால்தலைகள் தாளோடு ஒட்டிக்கொண்டுவிட்டன, சிலவற்றில் பழுப்புப் புள்ளிகளும் தோன்றியுள்ளன. தண்ணீரில் ஊறவைத்து எடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து தண்ணீரில் போட்டுவிடாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். டி லா ரூ நிறுவனத்தார் அந்தக் காலத்தில் பச்சைக்கும் ஊதாவுக்கும் பயன்படுத்திய மை, முத்திரையைக் கழுவி மறுபடி பயன்படுத்த முயல்பவர்களைத் தடுப்பதற்காகவே நீரில் கரையுமாறு தயாரிக்கப்பட்டது. 1887ஆம் ஆண்டுத் தொகுதி முழுவதும் இந்த இரு நிறங்களை அடிப்படையாகக் கொண்டது. ஊறவைத்தால் பச்சை வெளிறி மஞ்சளாகும், ஊதா சாம்பலாகும். பிறகு எந்த நிபுணராலும் அதைத் திருப்ப முடியாது.

ஒட்டிக்கொண்டவற்றைப் பிரிக்கப் பொறுமையான வழி ஒன்று உண்டு. மூடியுள்ள ஓர் அகன்ற டப்பாவின் அடியில் ஈரப் பஞ்சை வைத்து, அதன் மேல் தண்ணீர் தொடாதபடி ஒரு வலைத்தட்டைப் பொருத்தி, தபால்தலையைத் தாளோடு அதன் மீது வைத்து மூடிவிடுங்கள். சில மணி நேரத்தில் பசை மட்டும் இளகும். இடுக்கியால் ஓரத்தை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள்; வரவில்லையென்றால் மறுபடி மூடிவையுங்கள். விரலால் இழுக்கவே கூடாது. பிரித்தெடுத்த பின் வெள்ளை உறிஞ்சுதாள்களுக்கு இடையே வைத்து, மேலே ஒரு கனமான புத்தகத்தை ஏற்றிக் காயவிடுங்கள்.

பழுப்புப் புள்ளி என்பது ஈரத்தில் வளர்ந்த பூஞ்சை விட்டுச் சென்ற கறை. அதை வெளுக்க வைக்கும் மருந்துகளைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் கேட்காதீர்கள். கறை பட்டதைத் தனி உறையில் பிரித்து வைத்து, மற்றவற்றுக்குப் பரவாமல் தடுப்பதே சரியான செயல்.

நம் மலைகளில் சேகரிப்பவர்களுக்குச் சமவெளிக்காரர்களுக்கு இல்லாத ஒரு கடமை இருக்கிறது. கூடலூர், தேவாலாப் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதலே வந்துவிடுகிறது. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அக்டோபர், நவம்பர் மாதங்கள்தான் கடுமையானவை. உங்கள் ஊரின் ஈர மாதங்களில் ஆல்பத்தைத் திறக்காமல், சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய டப்பாவில் வைத்து, அந்தப் பைகளை நிறம் மாறும்போதெல்லாம் சூடாக்கி உலர்த்தித் திரும்ப வையுங்கள். உறைபனிக்குப் பின் வரும் பிப்ரவரி, மார்ச் மாதங்களின் வறண்ட நண்பகலில் ஆல்பங்களை வெளியே எடுத்து, நேர் வெயில் படாமல் பக்கங்களைப் புரட்டிக் காற்றாட விடுங்கள். ஸ்டாக் புக்குகளைப் படுக்கவைத்து அடுக்காமல் நிமிர்த்தி நிற்கவையுங்கள். படுக்கவைத்தால் எடை பசையை அழுத்தி ஒட்டச் செய்துவிடும். பீரோவை வெளிச்சுவரோடு சேர்த்து வைப்பதும், பழைய பங்களாக்களில் கணப்படுப்பு உள்ள அறையில் சேகரிப்பை வைப்பதும் கூடாது. சுவரில் ஈரம் ஊறுகிறது, அடுப்பிலிருந்து புகை படிகிறது. மலிவான பிவிசி உறைகள் காலப்போக்கில் மையைக் கெடுக்கும். கிளாசின் எனப்படும் வழவழப்பான மெல்லிய தாள் உறைகளே போதுமானவை.

குன்னூர் வாசகர் மீண்டும்: கெடாவில் சயாம் தபால்தலை எப்படிப் புழங்கியது? அது மலேயாவின் பகுதியல்லவா?

பதில்: இராசேந்திர சோழனின் கடாரம் என்று நாம் பள்ளியில் படித்த அதே கெடா, 1909 வரை சயாமின் மேலாட்சியின் கீழ் இருந்தது. அந்த ஆண்டு ஆங்கிலேயருக்கும் சயாமுக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையால்தான் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகியவை பிரிட்டிஷ் பக்கம் வந்தன. அதற்கு முன் அலோர் ஸ்டார், கோத்தா பாரு போன்ற ஊர்களின் தபால் நிலையங்களில் சயாம் தபால்தலைகளே விற்கப்பட்டன. கெடா தன் பெயரில் தபால்தலை வெளியிட்டது 1912இல்தான். குறைந்த மதிப்புகளில் நெற்கதிர்க் கட்டு படமாக இடம்பெற்றது.

ஆகவே தங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெட்டியில் தனித் தபால்தலையைவிட உறைகளை முதலில் தேடுங்கள். சயாம் தபால்தலை ஒட்டி, மலாய் மாநில ஊரொன்றின் முத்திரையுடன் தமிழ்நாட்டுக்கு வந்த உறை ஒன்று இருந்தால், அது அந்தத் தபால்தலையின் பட்டியல் விலையைப் பல மடங்கு தாண்டும் மதிப்புடையது. மலேயாவிலிருந்தும், 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்தும் வந்து நீலகிரியில் குடியேறிய குடும்பங்களில் இத்தகைய பெட்டிகள் இன்னும் திறக்கப்படாமல் இருக்கின்றன. உறையிலிருந்து தபால்தலையை வெட்டி எடுக்காதீர்கள். உள்ளே கடிதம் இருந்தால் அதையும் உறையோடு சேர்த்தே வையுங்கள். தேதியும் ஊரும் எழுதிய தமிழ்க் கடிதம் எந்த முத்திரைக்கும் குறையாத சான்று.

கோத்தகிரி வாசகர் மீண்டும்: ஆறாம் ராமா படம் உள்ள ஒரே வடிவத் தபால்தலைகள் இரண்டு வகை என்று பட்டியலில் உள்ளது. வீட்டில் எப்படிப் பிரிப்பது?

பதில்: ஆறாம் ராமா, அதாவது வஜிராவுத் அரசரின் தொகுதி முதலில் 1912இல் வியன்னாவில் அச்சானது. உலகப்போர் மூண்டு வியன்னாவிலிருந்து பெற முடியாமல் போனதால், 1917இல் அதே வடிவங்களை லண்டனில் அச்சிட்டார்கள். சயாம் அந்த ஆண்டு ஜூலையில் ஜெர்மனி, ஆஸ்திரியா இரண்டின் மீதும் போர் தொடுத்தது. பிரிப்பதற்கு முதல் வழி பல்வெட்டு: வியன்னா 14½, லண்டன் 14. அளவுகோலை மேல் ஓரத்தில் மட்டும் வைக்காமல் நான்கு பக்கமும் வைத்துப் பாருங்கள். அரைப் பல் வேறுபாடு முதலில் கண்ணுக்குப் பிடிபடாது. உறுதியாகத் தெரிந்த ஒரு பிரதியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் விரைவில் பழகும்.

உதகை வேறொரு வாசகர்: அரசரே நிராகரித்த தபால்தலை என்று ஒன்று உண்டாமே?

பதில்: உண்டு. தம் உருவம் அமைந்த விதம் சுலாலங்கோர்ன் அரசருக்குப் பிடிக்காததால் ஒதுக்கிவைக்கப்பட்ட தொகுதி அது. அதற்கு மாற்றாக 1899இல் லைப்சிக் நகரின் கீசெக்கே அண்ட் டெவ்ரியன்ட் நிறுவனத்தார் அச்சிட்ட தொகுதி வெளியானது. ஒதுக்கிய தபால்தலைகளில் சில அதே ஆண்டு தவறுதலாகச் சில தபால் நிலையங்களுக்குப் போய்விட்டன. கோராத் என்ற ஊரின் முத்திரை கொண்டவையே பெரும்பாலும் சந்தையில் காணப்படுகின்றன. அவை கேட்பவருக்காகக் குத்திக் கொடுத்த முத்திரைகள். உண்மையாகக் கடிதத்தில் சென்றவை மிக அரியவை.

கோத்தகிரியிலிருந்து கல்லூரி மாணவி: மாதம் சில நூறு ரூபாய்தான் என்னால் ஒதுக்க முடியும். எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: 1905இல் வெளியான, அரசரின் உருவத்தோடு வாட் அருண் கோயிலையும் காட்டும் தொகுதியின் குறைந்த மதிப்புகளிலிருந்து தொடங்குங்கள். படத்தின் அழகும் அச்சின் தரமும் கண்ணைப் பழக்கும். அடுத்து 1909ஆம் ஆண்டு மேலச்சுகளுக்குப் போங்கள். டிகலுக்கு 100 சதாங் என்ற புதிய கணக்கு வந்தபோது பழைய அட் தபால்தலைகளின் மேல் சதாங் மதிப்பை அச்சிட்டார்கள். சாதாரண வகைகள் எட்டக்கூடிய விலையில் கிடைக்கின்றன, எழுத்து வேறுபாடுகளைத் தேடிப் பழகவும் ஏற்றவை. ஒரே மதிப்பில் சேதமுற்ற பிரதிகளாகப் பத்துப் பதினைந்து வாங்கினாலும் குறையில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஓரம் கிழிந்த பிரதியும் முழுப் பிரதியைப் போலவே பயன்படும். 1880களின் மேலச்சுகளைச் சில ஆண்டுகள் கழித்து வாங்கலாம்.

ஸ்டான்லி கிப்பன்ஸ், ஸ்காட் ஆகிய பட்டியல்களின் பழைய பதிப்புகள் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். விலைப்பகுதி பழையதாக இருந்தாலும் வகைப்பகுப்பு அப்படியேதான் இருக்கிறது. சென்னை செல்லும்போது அண்ணா சாலைத் தலைமைத் தபால் நிலையத்தின் தபால்தலைச் சேகரிப்பு மையத்துக்குப் போய் வாருங்கள். அங்கே வரும் மூத்த சேகரிப்பாளர்களிடம் ஒரு பிற்பகல் பேசினால் பட்டியலில் இல்லாத பலவற்றைக் கற்கலாம்.

இப்பகுதிக்குக் கேள்வி அனுப்புபவர்கள் மூலத் தபால்தலையைத் தபாலில் அனுப்ப வேண்டாம். கறுப்புத் தாளின் மேல் வைத்து, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் குறைந்தது 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். கைபேசிப் படத்தில் மேலச்சின் ஓரமும் பல்வெட்டும் சரியாகத் தெரிவதில்லை. பல்வெட்டு அளவையும், நீர்க்குறி இருக்கிறதா என்பதையும் கடிதத்திலேயே குறித்துவிட்டால் அடுத்த இதழிலேயே பதில் எழுத இயலும்.